நூற்பயிற்சியும் ஆத்தும வழிகாட்டிகளும்

நூல் பயிலுதல் யாவர்க்கும் நலந் தருவதே. எனினும், பிறருடைய ஆத்துமாக்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை ஏற்ற கிறிஸ்தவ ஆடவர்க்கு அது நலம் மட்டுமன்று, கடமையுமாம். தன்பொருட்டு மட்டும் வாழ்பவன் படியாதிருப்பின், நட்டம் அவனோடு ஒழியும். போதகரோ, உபதேசியாரோ, ஓய்வுநாட்பள்ளி ஆசிரியரோ, குடும்ப ஜெபம் நடத்தும் தந்தையோ படியாதிருப்பின், அந்நட்டம் அவரை நம்பியிருப்போர் அனைவரையும் சாரும். இவ்வுண்மையை எம் நாட்டுப்புறத்து வரலாறு ஒன்றைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

யான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரினன். பருத்தி விளையும் கரிசல் நிலமும், சிமெந்து ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுமே எம் பகுதியின் அடையாளங்கள். கல்விப் பெருமை பேசுவோர் எம் ஊர்களை எடுத்துக் கூறுவது அரிது. ஆயினும், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்திற்கு வடக்கேயுள்ள ஏலாக்குறிச்சியைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, ஆலயம் எடுத்து, கலம்பகமும் பாடிய ஊர் அதுவேயாகும்.

முனிவர் 1680-ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்தவர். 1710-இல் இந்தியா வந்தவர். முப்பது அகவையில் புதியதொரு மொழியைத் தொடங்கியவர், மக்களோடு பேசுமளவு கற்று அமைந்திருக்கலாம். அவ்வாறு அமைந்தாரில்லை. தமிழ்ப் பேரிலக்கியங்களை ஓலைச்சுவடிகளில் ஆழ்ந்து பயின்றார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார். அப்பயிற்சியின் விளைவாகவே 1726-இல் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட தேம்பாவணி பிறந்தது. தொன்னூல் விளக்கம் 1730-இலும், சதுரகராதி 1732-இலும் தோன்றின. அவர் எழுதியவற்றை வியக்கும் நாம், எழுதுமுன் அவர் படித்தவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. அக்காலத்துச் சுவடிகளில் எகர ஏகாரங்களை வேறுபடுத்தப் புள்ளி ஒன்றே துணை. ஓலையிலோ அப்புள்ளி பெரும்பாலும் இடப்படாது. எரியா ஏரியா என்று படிப்பவனே இடம் நோக்கி உய்த்துணர வேண்டும். ஏகார ஓகாரங்களுக்குத் தனிவடிவு தந்து இவ்விடரை நீக்கிய பெருமை முனிவர்க்கே உரியதெனக் கூறுவர். அவ்வாறே, மனனஞ் செய்தற்குரிய பாட்டுகளாக இருந்த நிகண்டுச் சொற்களை அகரவரிசையில் அடைவுபடுத்தி, வேண்டுவார் வேண்டும்போது தேடிக்கொள்ளவும் வகைசெய்தார். தாம் படித்ததோடு நில்லாது, தமக்குப் பின் படிப்பார்க்குப் பாதையிலிருந்த கல்லையும் அகற்றினார். மெய்யான வழிகாட்டியின் இலக்கணம் இதுவன்றோ?

அவரே உபதேசிமாரின் கடமைகளை உணர்த்த வேதியர் ஒழுக்கம் எழுதினார்; நகைச்சுவை ததும்பும் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பிய குருவையும், ஆறு உறங்குகின்றதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த சீடர் கூட்டத்தையும் கண்டு நகைக்கிறோம். அறியாத குருவும் ஆராயாத சீடரும் சேர்ந்தால் விளைவது யாது என்பதே அந்நகைப்பின் உட்பொருள் என்று யான் கொள்வேன். அக்கூட்டம் கதையில் மட்டும் உள்ளதென்று எண்ணி நாம் நிம்மதி கொள்ளுதல் கூடாது.

“கிறிஸ்தவனுக்கு வேதம் ஒன்றே போதுமே, பிற நூல்கள் எதற்கு?” என்று எம் சபையின் பெரியவர் ஒருவர் என்னை வினவியதுண்டு. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்ததுபற்றி அவர்க்கு வருத்தம். வேதத்தின்மீது அவர் கொண்ட பற்றை யான் மதிக்கின்றேன். ஆனால் அவ்வேதமே என்ன காட்டுகின்றது? சிறையிலிருந்த பவுல் அப்போஸ்தலர், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். முடிவு நெருங்கியதை அறிந்தவர்க்கும் புத்தகம் வேண்டியிருந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் படித்து, 1708-இல் அவற்றிற்கு அட்டவணை எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. தரங்கம்பாடி லுத்தரரும் வீரமாமுனிவரும் கொள்கையில் கடுமையாக மாறுபட்டவர்கள். நூற்பயிற்சியிலோ இருசாராரும் ஒன்றுபட்டே நின்றனர்.

படிப்பு யார்பொருட்டு என்பதை எனக்குத் தெளிவித்தவர் எழுத்தறியாத என் அப்பாயி ஆவார். விடுமுறை நாள்களில் மாலைதோறும் அவர்க்கு ஓர் அதிகாரம் வாசிப்பேன். யோபுவின் சரித்திரம் முடிந்த நாளில், “ஏனப்பா, பிறகு பிறந்த பிள்ளைகளால் முதலில் செத்த பிள்ளைகளின் துக்கம் தீர்ந்துபோகுமா?” என்றார். என் பெரியப்பாவை இளமையிலேயே பறிகொடுத்தவர் அவர். அவ்வினாவிற்கு வாய்க்கு வந்த ஆறுதல் ஒன்றைச் சொல்லுதல் எளிது. எனக்கு மனம் வரவில்லை. கல்லூரிக்குத் திரும்பி உரைநூல்களைத் தேடினேன். யோபுவின் மந்தைகள் இருமடங்காயின. பிள்ளைகளின் தொகையோ முன்னிருந்தபடியே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளுமாம். முதற்பிள்ளைகள் தேவனிடத்தில் உயிரோடிருத்தலின், பத்தோடு பத்துச் சேர்ந்து அதுவும் இரட்டிப்பே என்று சிலர் உரைகூறுவர். அடுத்த விடுமுறையில் இதனை அப்பாயிக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் என் மகனும் கணக்கில் இருக்கிறான்” என்றார்.

யான் நூலகத்தில் செலவிட்ட மாலைப்பொழுதுகள் அவ்வொரு சொல்லுக்கு ஈடாகா. படிக்க இயலாதவர்கள் தங்கள் வினாக்களை நம்மிடத்தில் ஒப்படைத்திருக்கின்றனர். நாம் படியாதொழிந்தால் அவ்வினாக்கள் விடையின்றியே அவர்களோடு புதைக்கப்படும்.

படிப்பு செருக்கையும் தரும் என்பது மெய்யே. கற்றதைக் காட்டுதற்காகப் பிரசங்கம் செய்பவன் மந்தையை மேய்ப்பவன் ஆகான். ஆனால் அதற்கு மருந்து அன்பேயன்றி அறியாமை அன்று. எசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறி, அருகே அமர்ந்து விளக்கினார் பிலிப்பு. அறிவும் அன்பும் ஒருங்கே அமர்ந்த இடம் அது.

ஆதலின், நண்பர்காள்! பட்டம் பெற்ற நாளோடு புத்தகத்தை மூடிவிடாதீர். கைப்பேசியில் ஓடும் துணுக்குகளைப் படிப்பென்று மயங்காதீர். நாடோறும் வேதத்தில் ஒரு பகுதியும், அதனோடு நம் முன்னோர் எழுதிவைத்த நன்னூல் ஒன்றில் சில பக்கங்களும் பயில்வீர். படித்ததை, படிக்க இயலாத ஒருவர்க்கேனும் எடுத்துரைப்பீர். நாளை நம்மில் சிலர் போதகராவோம், பலர் தந்தையராவோம். நம்மை நோக்கி வினவ ஒருவர் எங்கேனும் காத்திருப்பார். அவர்முன் வெறுங்கையோடு நில்லாதிருக்க இன்றே ஆயத்தமாவோமாக.