கல்லட்டிச் சரிவும் இரண்டாம் கியரும்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இரண்டு வழிகள். கூடலூர் வழியாகச் சுற்றிப் போனால் கிட்டத்தட்ட 70 கி.மீ. தலைக்குந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக இறங்கினால் 30 கி.மீ. அளவுதான். மிச்சமாகும் தூரத்துக்கு விலை, 36 கொண்டை ஊசி வளைவுகள்.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். மசினகுடி சுமார் 1,000 மீட்டர். யூகலிப்டஸ் வாசமும் காய்கறித் தோட்டங்களும் முடிந்து, ஒரு மணி நேரத்துக்குள் யானைகள் நடமாடும் முட்புதர்க் காடு வந்துவிடுகிறது. காது அடைக்கிறது, ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றுகிறது. ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு இதையெல்லாம் ரசிக்க நேரம் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கிறது. குறைந்த கியரில் இறங்கும்படி எச்சரிக்கைகள் வேறு.

"பிரேக் நிறுத்தறதுக்கு சார். இறங்கறதுக்கு கியர்" என்கிறார் என்னை அழைத்துச் சென்ற மசினகுடி ஜீப் டிரைவர். வழி நெடுக அவர் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. இரண்டு இடங்களில் முதல் கியருக்கே போனார்.

இந்தப் பழமொழிக்குப் பின்னால் பள்ளிக்கூட இயற்பியல் இருக்கிறது. ஐந்து பேருடன் 1,500 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரின் உராய்வும் ஒரு பங்கை விழுங்கும். மீதியை யார் சுமப்பது? பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விட்டால், அத்தனையும் பிரேக்கின் தலையில் விழும். லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், சக்கரம் நிற்காது. குறைந்த கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது.

கியரைக் குறைத்தால் மட்டும் போதாது, எங்கே குறைக்கிறோம் என்பதும் முக்கியம். டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. திரும்புவதற்கும் வேகம் குறைப்பதற்கும் அதையே பங்கிட வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னே சாய்ந்து பின்சக்கரங்கள் இலகுவாகும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில், எஞ்சினின் தடையும் அதே பின்சக்கரங்களின் மீதுதான். அந்நேரம் கியரைக் குறைத்து கிளட்சைச் சடாரென்று விட்டால், வண்டியின் வால் வெளியே வீசும். ஓவர்ஸ்டியர் என்பது இதுதான்.

1983-இல் வந்த மாருதி 800-க்குப் பிறகு பெருகிய முன்சக்கர இழுவைக் கார்களின் குணம் வேறு. வேகமாக நுழைந்தால் ஸ்டியரிங்குக்குப் பணியாமல் நேரே போகப் பார்க்கும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டு பிரேக்கை மிதித்தால், இவற்றிலும் வால் சுழலலாம். வால் போகும் திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க வேண்டும் என்பது பந்தயக்காரர்களின் பாடம். ஆனால் அதற்கு அகலமான தளம் வேண்டும். கல்லட்டியில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

ஆகவே, வேகப் பிரியர்களும் பந்தயத் தளத்திலிருந்து இங்கே கொண்டுவர வேண்டியது வேறொரு பாடம். பிரேக், கியர் இரண்டையும் நேரான பகுதியிலேயே முடித்துவிட்டு, நிதானப்பட்ட வண்டியுடன் வளைவுக்குள் நுழைவது. கியரைக் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி எஞ்சின் வேகத்தைச் சக்கர வேகத்தோடு ஒத்துப்போகச் செய்தால் குலுக்கல் இருக்காது. என் ஜீப் டிரைவர் பந்தயத் தளத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் இதைத்தான் செய்தார்.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஏழு பேரின் கார் இந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாட்கள் கழித்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிகள் இவ்வழியே இறங்கத் தடை விதிக்கப்பட்டது. தடையின் நியாயம் புரிகிறது. ஆனால் பதிவெண் பலகை கியர் போடுவதில்லை. சமதரையில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்குச் சரிவில் இறங்க யார் கற்றுத் தருகிறார்கள்? நாட்டின் எந்த மலைப்பாதையிலும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது.

மசினகுடியில் ஜீப் நின்றபோது சக்கரங்களிடம் கருகல் வாடை இல்லை. கல்லட்டியில் நன்றாக வண்டி ஓட்டியதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.