வாசலில் நிற்கும் வேம்பு

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேம்பு என் பாட்டனார் நட்டது. சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் அதன் நுனிக்கிளைகள் தீயில் வாட்டியவை போலக் கருகலாயின. “பட்டுப்போகிற மரம் அப்பா, வெட்டிவிட்டால் வண்டி நிறுத்த இடமாகும்” என்றான் மூத்த மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

உளுந்தையும் துவரையையும் வேப்பிலை இட்டுக் கட்டிவைத்த என் அன்னையார், பூச்சி ஏன் அண்டுவதில்லை என்று ஆராய்ந்தவரல்லர். 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார் வேப்பமுத்திலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதை உண்ட புழு சட்டை உரிக்க இயலாமல் மடியும். பல பூச்சிகள் அது பட்ட இலையைக் கடிக்கவே மறுக்கும். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் அப்பொருளைச் செயற்கையாக ஆக்கி முடிக்க 22 ஆண்டுகள் உழைத்தனர். 2007-இல்தான் வெற்றி கண்டனர். நம் மரமோ ஆண்டுதோறும் ஓசையின்றி அதைச் செய்து, ஆனி ஆடியில் தெருவெல்லாம் உதிர்த்துவிடுகிறது!

எப்படிச் செய்கிறது? இதற்கு விடை தேடியே, பெங்களூரு கனித் ஆய்வகத்தார் வேம்பின் மரபுச் செய்தி முழுவதையும் படித்து 2012-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். அவற்றுள் இக்கசப்புப் பொருள்களை ஆக்குபவை எவை, மரத்தின் எந்த உறுப்பில் அவை விழித்திருக்கின்றன என்பதே ஆய்வு. மரத்துக்கு மரம் அசாடிராக்டின் அளவு வேறுபடுவதால், வீரியமுள்ள மரங்களைத் தேர்ந்து வளர்க்கவும் இவ்வறிவு உதவக்கூடும். பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து, வாந்தியும் மயக்கமுமாய் மூன்று நாள் கிடந்த என் தந்தையை அருகிருந்து பார்த்தவன் நான். எனக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

இத்தனை படைக்கலம் தாங்கிய மரம் ஏன் கருகியது? வேளாண் அலுவலர் ஒருவர் கிளையை ஒடித்துப் பார்த்து, “தேயிலைக் கொசு” என்றார். அது இலையைத் தின்பதில்லை. இளந்தளிரில் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. அப்புண்வழியே பூஞ்சணமும் நுழைகிறது. அசாடிராக்டின் மிகுந்திருப்பது விதையில். தளிரில் அவ்வளவு இல்லை. 2021-இல் தெலங்கானாவிலும் எண்ணற்ற வேம்புகள் இவ்வாறே காய்ந்தன. “காய்ந்த நுனிகளைக் கழித்துவிட்டுப் பொறுத்திருங்கள்” என்று சொல்லிச் சென்றார்.

திருநீற்றுப் புதன் திருப்பலி முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பினோம். கழித்த கிளைகளில் செந்தளிர்கள் எட்டிப் பார்த்தன. மகன் முதலில் கண்டான். ஒன்றும் பேசாமல் வண்டியைத் தெருவோரத்தில் நிறுத்தினான்.