சம்பிகை மணமும் ஒரு மோப்பக் கருவியும்

1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், காற்றோட்டம் கருதி அகன்ற தெருக்களுடன் விரிந்த பகுதி பெங்களூரு மல்லேஸ்வரம். நண்பர் குடும்பத்தாரின் பழைய மோட்டார் வீட்டு வண்டியில் அண்மையில் அங்குச் சென்றிருந்தோம். சம்பிகை மரத்தின் பெயர் பூண்ட சாலை. எட்டாவது குறுக்குத் தெருவிலோ பூக்கடைகள். மூக்குக்கு விருந்துதான்! ஆயினும் சற்றே நின்றால் மணம் தெரியாமற் போகிறது.

சமையல் காஸுக்கும் அஃதே. கசிவு தெரிய வேண்டி நாற்றப் பொருள் கலந்திருந்தும், மெல்லக் கசிவதற்கு மூக்கு பழகிவிடும். உறங்குவோருக்கோ மூக்கே துணையில்லை. ஆதலின் வண்டியில் காஸ் டிடெக்டர் பொருத்தியிருந்தனர்.

மர நிழலில் அதனைச் சோதித்தோம். பொத்தானை அழுத்தியதும் அலறிற்று. நண்பர் மகிழ்ந்தார். சோதனைக்கென விற்கும் வாயுக் குப்பியிலிருந்து சிறிது செலுத்தினோம், வாய் திறக்கவில்லை. பொத்தான் மின்சுற்றையும் ஒலியையும் மட்டுமே சோதிக்கும். உணர்பகுதி பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கருவியின் முதுகில் கண்ட ஆண்டு 2009. அதற்குப் பழுதுபார்ப்பு இல்லை, மாற்றுதலே முறை.

புதியதற்கும் இடம் தெரிதல் வேண்டும். சிலிண்டர் காஸ் காற்றினும் கனமானது, தாழத் தேங்கும், காற்றில் ஏறக்குறைய 2 சதவிகிதம் கலந்தாலே தீப்பற்றும். எனவே தரையருகே. குழாய்வழி இயற்கை வாயு பெறும் இல்லத்தார் கூரையருகே பொருத்துக, அது இலேசானது.

புதிய கருவி மறுநாள்தான் கிடைக்கும் என்றனர். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, அன்றிரவு அனைவரும் தோசைக் கடைக்கே நடந்தோம்.