பின்லாந்து ஸ்நானமும் பூந்தமல்லிச் சாலையும்

பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், 2006-ஆம் ஆண்டு முதல் 2014 வரை, பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனியின் கைபேசித் தொழிற்சாலை நடந்து வந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெண்களும் கம்பெனி பஸ்களில் ஏறி, இரவு பகல் என்று முறை வைத்து வேலைக்குப் போய் வந்தார்கள். வட துருவத்துக்கு அண்டையிலுள்ள அந்தச் சிறு தேசத்தின் பெயர் நம் வீடுகளில் புழங்கலாயிற்று அப்போதுதான். ஆலை நின்றதும் வேலையிழந்தவர்களின் கதை வேறு; அதை எழுதப் புகுந்தால் நீராட்டத்தை மறந்துவிடுவோம். அங்கே வேலை பார்த்த நம் பழைய மாணாக்கர் ஒருவர் பின்லாந்துக்கே சென்று குடியேறிவிட்டார். விடுமுறையில் அவர் வந்திருந்தபோது, “அங்கே நீ கண்ட அதிசயம் என்னப்பா?” என்று கேட்டோம். பனியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். “ஸௌனா, ஸார்!” என்றார்.

ஸௌனா என்பது மரப்பலகை அடித்த ஒரு சூட்டறை. அடுப்பின் மேல் கருங்கற்களைக் குவித்துப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். படிப்படியாக அமைத்த மரப் பலகைகளில் அமர்ந்துகொண்டு, அகப்பையால் கற்களின் மேல் தண்ணீரைச் சொரிகிறார்கள். குபீரென்று எழும் அந்த ஆவிக்கு ‘லோய்லு’ என்று பெயர். அறையின் சூடு 80, 90 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறுமாம். அக்கினி நக்ஷத்திரத்தில் 42 டிகிரிக்கே அலறும் நமக்கு இது நம்பத்தக்கதாக இல்லை. அவர்களோ இலையோடு கூடிய பிர்ச் மரக்கொத்தால் உடம்பெல்லாம் தட்டிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வெளியே ஓடி, ஏரியிலோ கடலிலோ பனியிலோ விழுகிறார்கள். பிறகு மறுபடியும் சூட்டறை. சுமார் 55 லக்ஷம் ஜனங்கள் உள்ள நாட்டில் ஸௌனாக்கள் 30 லக்ஷத்துக்கு மேல். 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்த வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

நம் மனத்தைக் கவர்ந்தவை பட்டணத்துப் பொது ஸௌனாக்கள். தம்பேரே நகரில் 1906-இல் திறந்த ‘ராயபோர்த்தி’ இன்றும் நடக்கிறது. ஹெல்ஸிங்கியில் தொழிலாளர் குடியிருந்த கல்லியோ பகுதியில் 1928 முதல் ‘கோத்திஹர்யு’ இருக்கிறது. அக்காலத்தில் ஏழைகளின் வீடுகளில் குளியலறை இல்லாமையால் இவை எழுந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள். உள்ளே அதிகாரியென்றும் கூலிக்காரனென்றும் அடையாளம் காண உடம்பில் துணியே இல்லை! நம்மவர் முதல் நாள் கூசிக் குறுகிக் கதவருகே நின்றாராம். பக்கத்திலிருந்த கிழவர் ஒன்றும் பேசாமல் நகர்ந்து இடம் கொடுத்தாராம். குளித்தவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவோரத்திலேயே காற்று வாங்குவார்கள். போகிறவர் வருகிறவர் யாரும் முறைத்துப் பார்ப்பதில்லையாம்.

இன்னொரு செய்தி கேட்டு நம் வீட்டுப் பெண்மணிகள் வியந்து போனார்கள். அங்கே ஸௌனாவுக்கு உகந்த நாள் சனிக்கிழமை! நம் ஔவைப் பாட்டியும் சனிக்கிழமையைத்தானே நீராட்டுக்கு விதித்தாள்? கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஸௌனா அவர்களுக்குத் தவறாத கடமை. நமக்கோ தீபாவளி விடியலில் வெந்நீர். நல்லெண்ணெய் காய்ச்சி, சீயக்காய் கரைத்து, பாட்டி உச்சந்தலையில் அறைந்து தேய்த்த நாட்களை யார் மறப்பார்? அது வீட்டுக்குள் நடந்த வைபவம். ஊர் கூடி நீராடியது குளத்திலும் ஆற்றிலும்.

அந்த ஊர்க் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்திருந்தார்களா என்று ஒரு கேள்வி உண்டு. அதை மழுப்புவதில் பயனில்லை. மஹாடில் பொதுக் குளத்து நீரை ஓர் அள்ளு அருந்துவதற்கு டாக்டர் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ந் தேதி ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. கல்லியோவில் கிழவர் நகர்ந்து கொடுத்த ஒரு முழப் பலகை நம் படித்துறைகளில் பலருக்குக் கிட்டியதில்லை. பின்னர் சட்டம் படித்துறையை எல்லாருக்கும் திறந்தது. அதற்குள் தண்ணீர் போய்விட்டது.

திருவேற்காட்டில் கூவக்கரையில் நின்று பார்த்தோம். கருமாரியம்மனைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதுகிறது. ஆற்றில் கால் நனைப்பார் ஒருவரும் இல்லை. இதே கூவத்தில் கோமளீசுவரன்பேட்டையருகே வள்ளல் பச்சையப்ப முதலியார் நீராடிக் கோயிலுக்குப் போவார் என்பது சென்னையில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் ஏரிகள் உண்டு. கழிவுநீர் கலப்பதைத் தடுக்கக் கொரட்டூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-இல் பூங்கா அமைத்தார்கள். காலையில் உலாவ அருமையான இடந்தான். ஆனால் நீரைப் பார்க்கலாம், இறங்கலாகாது. தம்பேரே நகரமும் இரண்டு ஏரிகளுக்கு நடுவிலேதான் இருக்கிறது. ஆலைகள் மலிந்த ஊரும்கூட. அங்கே சூட்டறையிலிருந்து ஓடிவந்து ஏரியில் குதிக்கிறார்கள்.

சரி, ஆவியாவது கிட்டுமா? நக்ஷத்திர ஹோட்டல்களில் கிட்டும். வாத்தியார் சம்பளத்துக்கு அது எட்டாது. அரும்பாக்கத்தில், அரசாங்க யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் நீராவிக் குளியல் உண்டென்று அறிந்து சென்றோம். ஜெர்மனி தேசத்து லூயி கூனே போதித்த நீர்ச் சிகிச்சையை மகாத்மா காந்தி தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். 1946-இல் உருளிகாஞ்சனில் இயற்கை வைத்தியசாலையும் தொடங்கினார். அந்த வழியில் வந்ததே இது.

வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்த்த பிறகே அனுமதித்தார். கல்லும் அகப்பையும் இல்லை. தலை மட்டும் வெளியே நீட்டும்படி ஒரு பெட்டி. ஒரு குவளை தண்ணீர் குடிக்கச் செய்து, தலையில் ஈரத்துண்டைப் போட்டு, கதவைச் சாத்தினார்கள். ஐந்தாம் நிமிஷத்தில் முதுகில் வியர்வை ஆறாய் ஓடிற்று. பத்தாம் நிமிஷத்தில் நெடுநாளைய தோள்வலி எங்கோ விலகியதுபோல் இருந்தது. அடுத்த பெட்டியில் ஆட்டோ ஓட்டும் அன்பர் ஒருவர். அதற்கப்பால் ஓய்வு பெற்ற குமாஸ்தா. மூன்று தலைகளும் பெட்டிகளின் மேல் பொம்மைகள் போல் வீற்றிருந்து, மழை வருமா, வெங்காயம் என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தன. குமாஸ்தாவுக்கு இது ஆறாவது தடவையாம். முழங்கால் இப்போது மடங்குகிறது என்றார்.

அம்பத்தூர், ஆவடி அன்பர்கள் கோயம்பேடு வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து எளிதில் போய்ச் சேரலாம். வயிறு நிறைய உண்டுவிட்டுப் போகவேண்டாம். மாற்று வேஷ்டியும் பெரிய துண்டு ஒன்றும் கையில் இருக்கட்டும்.