எந்தத் துறையில் இறங்குவது?

பரிசலில் ஏறி, தண்ணீரில் மிதந்துகொண்டே தூண்டில் போட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு எப்போதாவது வந்ததுண்டா? வந்திருந்தால், முதலில் நீங்கள் எதைப் பற்றி யோசித்திருப்பீர்கள் என்று ஊகித்துவிடலாம். இரை மண்புழுவா, மாவு உருண்டையா? கட்டுச்சோறு புளியோதரையா, தயிர் சாதமா? இந்தப் பெரிய பிரச்னைகளெல்லாம் தீர்ந்த பிறகு, "தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே பரிசலைப் போட்டால் போயிற்று!" என்று முடித்திருப்பீர்கள்.

ஆபத்து அந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது. மீன் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். துறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வீடு திரும்புவதே சந்தேகமாகிவிடும். ஆகையால், வாசகர்களே, இந்த வாரம் தூண்டிலைச் சற்று மூலையில் சாத்திவிட்டு, என்னோடு கம்பம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். பரிசலை எங்கே இறக்குவது என்ற ஒரே கேள்விக்கு விடை தேடிக்கொண்டு கரையோரமாக நடந்து பார்ப்போம்.

நம் பிரயாணம் குச்சனூரில் தொடங்குகிறது. தேனி ஜில்லாவில், சின்னமனூரை அடுத்து, நெல் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே இருக்கும் சிற்றூர் அது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். ஊர் சிறிது, பெயர் பெரிது. சனீசுவர பகவான் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் ஸ்தலம் அல்லவா? ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் இங்கே நடக்கும் திருவிழாவுக்கு எள் தீபமும் கையுமாக ஜனங்கள் வந்து குவிகிறார்கள். கோயிலை ஒட்டி ஓடும் தண்ணீருக்குச் சுரபி நதி என்று பெயர். அதில் முழுகி எழுந்துதான் பக்தர்கள் சுவாமி தரிசனத்துக்குப் போகிறார்கள்.

சனி பகவானின் பெயருக்கே 'மெதுவாக நடப்பவர்' என்று அர்த்தம் சொல்வார்கள். வான சாஸ்திரமும் அதை ஒப்புக்கொள்கிறது. சூரியனை ஒரு முறை சுற்றி வர அந்தக் கிரகத்துக்கு ஏறக்குறைய 29½ வருஷம் ஆகிறது! தண்ணீரில் இறங்குகிறவனுக்கு இதைவிட நல்ல உபதேசம் வேறு இல்லை. கரைக்கு வந்த நிமிஷமே இறங்காதீர்கள், நின்று பாருங்கள்.

எதைப் பார்ப்பது? அதைச் சொல்வதற்கு முன், இங்கே ஓடும் தண்ணீரின் ஜாதகத்தைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

மற்ற ஆறுகளில் வெள்ளம் வருமா வராதா என்பதற்கு ஆகாயத்தைப் பார்த்தால் ஓரளவு போதும். முல்லைப் பெரியாற்றின் கதை வேறு. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மலையிலே அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பிவிட்டார் கர்னல் பென்னிகுக். 1895-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அந்த அணையைத் திறந்து வைத்தார். அன்று முதல் கம்பம் பள்ளத்தாக்கின் தலைவிதியை எழுதும் பிரம்மா தேக்கடியில் இருக்கும் ஒரு மதகுதான்! பின்னர் 1950-களின் இறுதியில், மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் மின்சார நிலையமும் வந்து சேர்ந்தது. மேலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கும் தண்ணீர் அங்கே 4 இயந்திரங்களைச் சுழற்றிவிட்டுத்தான் ஆற்றுக்கு வருகிறது. குழாய்களில் விடாத தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக இறங்கி வரும். பெயரிலேயே அதன் சத்தம் கேட்கிறதல்லவா?

இதனால் விளைவது என்ன? கோடையில் குடிதண்ணீருக்காக மட்டும் விநாடிக்கு 100 கன அடி வரும். முழங்கால் நனைய அக்கரைக்குப் போய்விடலாம். மதகை அதிகமாகத் திறந்தாலோ, அதே இடத்தில் 1,000 கன அடிக்கு மேல் புரண்டு வரும். அப்போது குச்சனூரில் தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கலாம். ஒரு பொட்டு மேகம்கூட இராது. மழையில்லாத வெள்ளம் இது!

அமெரிக்காவில் அட்லாண்டிக் கடற்கரையோரமாக 'ஸ்டிரைப்டு பாஸ்' என்ற மீனைப் பிடிக்கப் பித்துப் பிடித்து அலைகிறவர்கள் ஏராளம். உடம்பு நெடுகக் கறுப்புக் கோடு போட்ட மீன் அது. கடலில் வாழ்ந்து, வசந்த காலத்தில் ஹட்ஸன் போன்ற நதிகளில் ஏறிவந்து முட்டையிடும். அதைத் துரத்துவதற்கு 'கயாக்' என்ற ஒடுங்கிய படகில் போகிறார்கள். வடதுருவப் பிரதேசத்து எஸ்கிமோக்கள் என்று நாம் படித்த இனுயிட் மக்கள், மரச் சட்டத்தின் மேல் கடல்நாயின் தோலைப் போர்த்திச் செய்த படகுதான் அதற்கு மூதாதை. நம் ஊரில் மூங்கிலைப் பிளந்து பின்னி, மேலே எருமைத் தோலைப் போர்த்திப் பரிசல் செய்தார்கள். (இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பும் ஃபைபரும் வந்துவிட்டன.) ஒன்று நீளம், மற்றது வட்டம், யுக்தி ஒன்றே!

அந்த அமெரிக்கர்கள் படகை எடுப்பதற்கு முன் ஓர் அட்டவணையைப் பார்க்கிறார்கள். கடல் நீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வடியும் என்ற கணக்கு அது. காலையில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த கரை, நீர் வடிந்ததும் வெறும் சேறாகிவிடும். ஆகவே, புறப்படும்போது எப்படி என்பதைவிட, திரும்பும்போது அந்தத் துறை எப்படி இருக்கும் என்பதையே அவர்கள் யோசிக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: துறையை ஏறும் கண்ணால் பார்க்காதே, இறங்கும் கண்ணால் பார்!

நம் ஆற்றுக்கும் ஏற்றமும் வடிதலும் உண்டு. ஆனால் அட்டவணை சந்திரன் கையில் இல்லை, மதகுக்காரர் கையில் இருக்கிறது. சாதாரணமாக ஜூன் மாதத்தில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீர் திறப்பார்கள். எவ்வளவு திறந்தார்கள் என்பது பத்திரிகையில் வரும். அதைப் படிக்காமல் ஆற்றுக்குப் போகாதீர்கள்.

படித்தாயிற்று, கரைக்கும் வந்தாயிற்று. இனி நம் சோதனை. ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீர் விளிம்பில் ஊன்றுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறியுங்கள். குச்சி தண்ணீருக்குள் போய்விட்டதா? தெளிந்திருந்த நீர் கலங்கி, நுரையும் வைக்கோலும் மிதந்து வருகின்றனவா? அப்படியானால் மேலே தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். கரைப் பாறையில் ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். நேற்றுத் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. இன்றும் வராது என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

அடுத்தது, கீழே என்ன இருக்கிறது என்பது. இந்த ஆற்றில் தடுப்பணைகள் பல. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் வெள்ளித் தகடுபோல் அழகாக வழியும். ஆனால் விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு, மறுபடி அணையை நோக்கியே திரும்பி வரும். அதில் அகப்பட்டது கட்டையானாலும் மனிதனானாலும் உருண்டுகொண்டே இருக்கவேண்டியதுதான். ஆகவே தடுப்பணைக்கு மேலே பரிசல் விடாதீர்கள். கீழேயும் நெருங்காதீர்கள். 'கசம்' என்று நம் பக்கத்து ஜனங்கள் சொல்லும் ஆழ்ந்த மடுக்களும், மணல் அள்ளிய குழிகளும் வெளியே தெரியாது. அவற்றைத் தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். "அண்ணே, இங்கே இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது. "வேண்டாம் தம்பி" என்று அவர் சொன்னால், காரணம் கேட்டு வாதாடவும் வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகு குச்சனூரைப் பற்றி நம் தீர்ப்பு என்ன? சுரபி நதி நீராடுகிறவர்களுக்கு உரியது. பரிசலுக்கு அங்கே வேலை இல்லை. பக்கத்தில் ஓடும் முல்லைப் பெரியாற்றில், தண்ணீர் குறைந்த நாட்களில் மேடான கரையில் உட்கார்ந்து தூண்டில் போடலாம். பரிசலை மட்டும் அதில் இறக்க வேண்டாம். குறுகிய ஆறு, இழுக்கும் ஓட்டம், வழியெல்லாம் தடுப்பணை. ஏறுவதற்கு நூறு இடம் உண்டு. அவசரத்தில் ஒதுங்குவதற்கு ஓர் இடம் அகப்படாது.

மனம் தளர வேண்டாம்! இதே தண்ணீரின் பின்னாலேயே போவோம். அது வீரபாண்டியைக் கடந்து, தேனிக்கு அருகே வைகையில் கலந்து, வைகை அணையில் போய் ஓய்வெடுக்கிறது. 1959-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி முதலமைச்சர் காமராஜ் திறந்து வைத்த அணை அது. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி என்று அங்கே மீனுக்குக் குறைவில்லை. பரிசலில் வலை போட்டுப் பிழைக்கும் மீனவர்களும் இருக்கிறார்கள். மீன் பிடிக்க அனுமதி வேண்டும் என்பதை மறக்கவேண்டாம். அதை முறைப்படி வாங்கிக்கொண்டு, அவர்கள் துணையோடு போவதே நல்லது.

இங்கே ஓட்டம் இல்லை, காற்று இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இந்தப் பள்ளத்தாக்கில் வெறும் பழமொழி அன்று. தென்மேற்குப் பருவக் காற்று மலை இடைவெளியில் புகுந்து சீறிக்கொண்டு வருவதால்தானே இந்த ஜில்லாவில் இத்தனை காற்றாலைகள் சுழல்கின்றன? பரிசலுக்கோ அடிக்கட்டையும் இல்லை, முன்பின்னும் இல்லை. காற்று சொன்னபடி அது கேட்கும். காற்றோடு உல்லாசமாகப் போய்விட்டு, திரும்புகையில் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுப் பாருங்கள். புஜம் இரண்டும் கழன்று விழும். எனவே, விடியற்காலை காற்று அடங்கியிருக்கும்போது எதிர்த்திசையில் புறப்படுங்கள். வெயில் ஏறிக் காற்று எழும்பியதும் அதுவே உங்களைத் துறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும்படி துறையைத் தேர்ந்தெடுங்கள். அணை கிழக்கே இருக்கிறது. மேல்காற்று அதை நோக்கித்தான் தள்ளும். மதகுப் பக்கம் ஒதுங்காத துறையாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்மட்டத்தையும் கவனிக்க வேண்டும். அணையின் முழு அளவு 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இவை அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கைகள். அந்த நாட்களில் கீழே வைகையில் இறங்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. மட்டம் இறங்கும் காலத்தில் வேறு விதமான தொல்லை. போன மாதம் தண்ணீர் நின்ற இடம் இந்த மாதம் சேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். சரளையும் கடினத் தரையுமாகச் சரிந்து இறங்கும் கரையைத் தேடுங்கள். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இடம் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். மாட்டுக்குத் தெரிந்தது சில சமயம் மனிதனுக்குத் தெரிவதில்லை!

கடைசியாக ஒன்று. துறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், படகில் இருப்பவர்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, இதே தண்ணீரின் தலைவாசலான தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். வன விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும் அந்த விபத்தில் பேசப்பட்டது. இரண்டு தட்டுப் படகுக்கே அந்தக் கதி என்றால், நான்கு பேர் உட்காரும் பரிசல் எம்மாத்திரம்? மீன் கடித்தது என்று எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கு அவரவர் அளவில் சட்டை இல்லையென்றால், அவர்கள் கரையிலேயே இருக்கட்டும்.

இத்தனை நிபந்தனை போட்டால் மீன் பிடிப்பது எப்போது என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. புதுத் தண்ணீர் தேங்கிய தண்ணீரோடு கலக்கும் முகத்துக்கு மீன்கள் எதிரேறி வரும். ஆகையால், அணைக்குள் ஆறு வந்து சேரும் இடத்துக்குச் சற்று ஒதுங்கி, உறுதியான கரையும் பின்காற்றும் வாய்த்த ஒரு துறையை உள்ளூர்ப் பரிசல்காரர் காட்டுவாரானால், அதுதான் உங்களுக்கு ஏற்ற இடம். குச்சியை ஊன்றி, அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு தாராளமாகப் பரிசலை இறக்குங்கள். கூடையில் நாலு ஜிலேபிக் கெண்டை விழுந்தால் அதிர்ஷ்டம். விழாவிட்டாலும், பொழுது ஏறுவதற்குள் துறை வந்து சேர்ந்துவிடுங்கள். வீட்டில் குழம்புக்குப் புளி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு மீனைவிட நீங்கள் முக்கியம்!