அட்டை இந்தியா முழுக்க, பணம் மாநில எல்லை வரை

"மாற்றுத்திறனாளி உதவித்தொகை கைக்கு வர எவ்வளவு நாள் ஆகும்?" சிஞ்ச்வட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் பொட்டி தட்டிப் பிழைப்பவன். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு கவர்மெண்ட் சமாசாரமும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை :-) தெரிந்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உபயோகப்படும்.

முதலில் சான்றிதழ். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. சுவாவலம்பன் இணையதளத்தில் பதிவு செய்தால், டாக்டர்கள் பார்த்து சதவீதம் போட்டு, யுடிஐடி அட்டை தருவார்கள். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்றன 2017 விதிகள். 2024 அக்டோபரில் அதை மூன்று மாதமாக்கினார்கள். தாமதத்தைக் குறைப்பார்கள் என்று பார்த்தால் கெடுவை நீட்டிவிட்டார்கள்!

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா இட்லி வண்டி போடுகிறார். விழுப்புரம் பக்கம். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகனுக்கு 19 வயது, அறிவுத்திறன் குறைபாடு. அவனுக்கு நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். அரசு மருத்துவமனையில் சோதனைக்கு ஒரு நாள், போர்டு கூடும் நாள் வேறு. நடுவில் "உத்யா யா" (அதாவது, நாளைக்கு வா). மொத்தம் ஆறு நடை. ஆறு நாளும் வண்டி போடவில்லை, வருமானமும் இல்லை. ஐந்தாவது மாதம் அட்டை வந்தது. 75 சதவீதம். சட்டப்படி இந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். அக்கா அன்றைக்கு எனக்கு இட்லிக்குக் காசு வாங்கவில்லை.

நிற்க. அட்டை வேறு, பணம் வேறு.

மகாராஷ்டிராவில் பணம் தருவது 1980-ல் ஆரம்பித்த சஞ்சய் காந்தி நிராதார் திட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 1,500 ரூபாயாக இருந்ததை 2025-ல் 2,500 ஆக்கினார்கள். நல்ல விஷயம். 40 சதவீதக் குறைபாடு இருந்தால் போதும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 50,000-க்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம். சிஞ்ச்வட்டில் ஒற்றை ரூம் வாடகைக்கே அது பத்தாது. இதையெல்லாம் தாண்டி ஒரு வரி இருக்கிறது: மகாராஷ்டிராவில் 15 வருஷம் குடியிருந்திருக்க வேண்டும்.

ஆக, அந்தப் பையனுக்கு இன்னும் ஆறு வருஷம். இன்றைய கணக்கில் வருஷத்துக்கு 30,000, ஆறு வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். இந்தத் தாமதத்துக்கு எந்த குமாஸ்தாவையும் திட்ட முடியாது. ஃபைல் எந்த மேஜையிலும் தூங்கவில்லை. ஃபைலே இன்னும் பிறக்கவில்லை.

"ஊர்ல வாங்கிக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. ஆனால் அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. அப்படியானால் பையனை எழுபது தாண்டிய பாட்டியிடம் விட்டுவிட்டு அக்கா இங்கே வண்டி தள்ள வேண்டும். "அவனுக்கு நான் ஊட்டினாதான் தம்பி சோறு இறங்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மத்திய அரசுக்கும் ஒரு பென்ஷன் இருக்கிறது. 2009-ல் ஆரம்பித்த இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீதம் வேண்டும். 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். பையனுக்கு 75. அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

இடம் மாறிப் பிழைப்பவன் பின்னால் சலுகையும் போக முடியாதா என்றால், முடியும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2019-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து 2022-ல் எல்லா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. விழுப்புரத்துக் கார்டில் சிஞ்ச்வட் கடையில் அரிசி வாங்கலாம். அரிசிக்கு விரல் ரேகை போதும் என்றால் பென்ஷனுக்கு ஏன் போதாது? ஊர் மாறினாலும் பையனின் 75 சதவீதம் மாறுவதில்லையே. எந்த மாநிலம் எவ்வளவு தருவது என்ற கணக்கை இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அதுவரைக்கும் இட்லி வண்டிதான் அவனுக்கு பென்ஷன்.

பி.கு: இங்கே குடிவந்த முதல் வருஷத்திலிருந்தே வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பள்ளிச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். 15 வருஷம் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். யுடிஐடிக்கு இன்றைக்கே பதிவு செய்யுங்கள். அதற்கு 15 வருஷம் காத்திருக்கத் தேவையில்லை.