கொடைமலையில் கண்ட ஒரு படி

மலைகளின் இளவரசி என்று மக்கள் அன்போடு அழைக்கும் கொடைக்கானலை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். குருமாணவராய் இருந்த நாள்களில் ஏரிக்கரையை நடந்தே சுற்றி வந்ததும் உண்டு. ஆயினும், ஒரு சக்கர நாற்காலியின் பின்னே நின்று, அதைத் தள்ளிக்கொண்டு அம்மலையைக் கண்டது சென்ற செப்டம்பரில்தான். இத்தனை ஆண்டுகளாக நம் கண்ணில் படாதது ஒன்று அன்று கண்ணில் பட்டது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் பங்கின் முதியோர் 22 பேரை அழைத்துக்கொண்டு விடியுமுன் புறப்பட்டோம். அவர்களுள் ஒருவர், ஊரார் அனைவரும் ‘டீச்சர்’ என்றே அழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் பாதிப் பேருக்கு அகரம் எழுதக் கற்பித்தவர். பக்கவாதம் வந்து இடப்புறம் செயலிழந்தபின் சக்கர நாற்காலியே அவருக்குக் கால்கள். துணைக்கு மருமகள் வந்திருந்தார்.

வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தினோம். டீச்சருக்கும் ஒரு தம்ளர் நீட்டினோம். “வேண்டாம் சாமி, எனக்குப் பழக்கமில்லை” என்றார். மலையேறி, வெள்ளி நீர்வீழ்ச்சியின் அருகே ஆரஞ்சுப் பழம் வாங்கிப் பகிர்ந்தபோதும் கையசைத்து மறுத்துவிட்டார். வயதானவர்களின் பத்தியம் போலும் என்று எண்ணி நாமும் வற்புறுத்தவில்லை.

ஏரிக்கரைக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சுற்றுள்ள அச்சாலையில் நாற்காலி இலகுவாக உருண்டது. “இது இயற்கை ஏரி என்று எண்ணாதீர்கள். 1863-ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் லெவிஞ்சு துரை ஓடைகளை மறித்து உண்டாக்கியது. வானிலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போலிருக்கும்” என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதுபோல் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். சூழ்ந்து நடந்த முதியவர்கள் மாணவர்களாகிவிட்டனர்.

நண்பகல் உணவுக்கு ஒரு பெரிய உல்லாச விடுதிக்குச் சென்றோம். நம் மக்களுள் வசதி படைத்த அன்பர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். விடுதியின் பெயர் இங்குத் தேவையில்லை. அதைப் போன்றவை பல உள்ளன. கை கழுவச் சென்ற நாம் அங்குள்ள கழிவறையைக் கண்டு சற்று மலைத்தே நின்றோம். தரையும் சுவரும் பளிங்கு. பித்தளைச் சட்டமிட்ட ஆளுயரக் கண்ணாடிகள். வெண்கல உருளியில் மிதக்கும் மலர்கள். எங்கிருந்தோ மெல்லிய வீணையிசை. நம் ஊரில் பல வீடுகளின் கூடம்கூட அத்தனை எழிலாய் இராது.

பெண்கள் பக்கம் சென்ற டீச்சரின் மருமகள் சற்று நேரத்தில் கலங்கிய முகத்தோடு திரும்பினார். சக்கர நாற்காலியின் படம் வரைந்த கதவு ஒன்று அங்கே இருந்தது உண்மையே. ஆனால் அக்கதவின் முன் ஆறு அங்குல உயரத்தில் பளிங்குப் படி ஒன்று. அதைக் கடந்தாலும் கதவு உட்புறமாகத் திறப்பதால், நாற்காலி உள்ளே போனபின் அதைச் சாத்த இயலாது. உள்ளே துடைப்பங்களும் வாளிகளும் அடுக்கப்பட்டிருந்தன. பற்றி எழுவதற்குக் கம்பி இல்லை. துண்டு தொங்கவிடும் மெல்லிய தண்டு ஒன்றே இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர். ஓடி வந்து, “கவலைப்படாதீர்கள் ஃபாதர், நான்கு பையன்கள் இருக்கிறார்கள். அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்” என்றார். டீச்சர் தலை நிமிர்ந்தார். “தம்பி, உங்கள் அன்புக்கு நன்றி. மூட்டையைத் தூக்கலாம். என்னைத் தூக்க வேண்டாம்” என்று அமைதியாகச் சொன்னார். பிறகு எம்மை நோக்கி, “நேற்று இரவு ஏழு மணிக்குப்பின் நான் தண்ணீர் குடிக்கவில்லை சாமி. வெளியே போவதென்றால் எப்போதும் இப்படித்தான்” என்றார்.

தேநீரும் பழமும் மறுக்கப்பட்ட காரணம் அப்போதுதான் விளங்கிற்று. தாகத்தை அடக்கியே அவர் பயணம் செய்கிறார். நீரருந்தாமை சிறுநீர்ப் பாதையில் தொற்றையும், கல்லடைப்பையும், தலைச்சுற்றலையும் கொணரும் என்பதை எல்லா மருத்துவரும் சொல்வர். ஓர் ஆறு அங்குலப் படிக்கு அஞ்சி மனிதர் நோயைத் தேடிக்கொள்ள நேர்கிறது.

இதற்கு வேண்டியவை அரிய பொருள்களா? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம். 90 சென்டிமீட்டர் அகலத்தில் வெளிப்புறம் திறக்கும் கதவு. நாற்காலி முழுவட்டம் திரும்ப 150 சென்டிமீட்டர் வெற்றிடம். நாற்காலியின் உயரத்தோடு ஒத்த கழிப்பீடம். அதன் அருகே உடல் எடையைத் தாங்கும் உறுதியான கைப்பிடிகள். முழங்கால் நுழையுமாறு அடியில் அலமாரியற்ற கைகழுவும் தொட்டி. இவ்வளவே. இவை எழிலுக்குப் பகையும் அல்ல. படியற்ற ஒரே சமமான தரை, படியுள்ள தரையைவிடப் பார்வைக்கு இனியது. பித்தளையில் கண்ணாடிச் சட்டம் செய்யத் தெரிந்தவருக்கு, அதே பித்தளையில் கைப்பிடி செய்யவும் தெரியும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1995-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசினர் மட்டுமன்றிப் பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியாரும் இவ்வசதிகளைச் செய்ய வேண்டும் என்கிறது. அதன்கீழ் அமைந்த விதி வெறும் பரிந்துரையாக நிற்கலாகாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் எண்ணப்பட்ட மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். முதுமையில் கால் தளர்ந்தோரையும் சேர்த்தால், இது யாரோ சிலருடைய வழக்கு அன்று. நாளை நம் அனைவருடைய வழக்கு.

உணவை விரைவில் முடித்து மலையிறங்கினோம். அடிவாரத்தில் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றின் வாயிலில் வண்டியை நிறுத்தி உதவி கேட்டோம். அங்கே பளிங்கு இல்லை, இசை இல்லை. சிமெண்டுத் தரை, அகன்ற கதவு, சுவரில் பச்சை வண்ணம் பூசிய இரும்புக் குழாய்க் கைப்பிடிகள், மூலையில் ஒரு கிண்ணத்தில் வேப்பிலைக் கொத்து. தரை ஈரமின்றித் துடைக்கப்பட்டிருந்தது. டீச்சர் தம் நாற்காலியைத் தாமே ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு உள்ளே சென்றார், கதவைச் சாத்தினார், திரும்பி வந்தார். வந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். “இதுதான் சாமி அழகான அறை” என்றார்.

விடுதியைக் குறைகூறிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் பங்கு மண்டபத்தில் மாதந்தோறும் கூட்டம் நடக்கும். தேநீர்த் தட்டு டீச்சரிடம் வரும். அவர் புன்னகையோடு அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். நாம் எத்தனை முறை அதைப் பார்த்திருக்கிறோம்! ஒருமுறையேனும் காரணம் கேட்டதில்லை. மறுநாள் காலை அளவு நாடாவோடு மண்டபத்தின் பின்புறம் சென்றோம். கழிவறைக்கு இரண்டு படிகள். மொத்தம் ஓர் அடி. கதவின் அகலம் இரண்டே அடி. கட்டியபோது மேற்பார்வையிட்டவர் நாமே.

கொத்தனார் வந்து பார்த்தார். “ஆறடிச் சாய்வு போதும் சாமி, பின்னால் ஒருத்தர் தள்ளினால் ஏறிவிடும்” என்றார். “பின்னால் ஒருவர் தள்ள வேண்டுமென்றால் அது வாசல் ஆகாது, பன்னிரண்டு அடியே போடுங்கள்” என்றோம். அதற்காக நாம் ஆசையாய் வளர்த்த செம்பருத்தி வரிசையில் இரண்டு செடிகளை எடுக்க வேண்டியதாயிற்று. கதவையும் மாற்றினோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தேநீர்த் தட்டு வழக்கம்போல் டீச்சரிடம் வந்தது. அவர் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டார். கூட்டம் முடியுமுன், “இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?” என்று கேட்டார்.